காய் சுண்டுகிறவளுக்கும் கழுத்து வலிக்கும்

கேள்வி: என் மகளுக்கு வயது 13. எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். நான்கு வருடமாக எங்கள் பகுதியில் உள்ள கேரம் கிளப்பில் ஆடுகிறாள். இந்த ஆண்டு மாவட்டப் போட்டியில் இரண்டாம் இடம். பள்ளி விளையாட்டு விழாவில் பரிசு வாங்குகிறவர்கள் பட்டியலில் அவள் பெயரையும் சேர்க்கச் சொல்லி பி.டி. சாரிடம் கேட்டேன். "கேரம் பொழுதுபோக்கும்மா. அத்லெட்னா கிரவுண்டுல இறங்கி ஓடணும்" என்று சொல்லிவிட்டார். வீட்டில் என் கணவரின் அண்ணனும் "உட்கார்ந்த இடத்துல காய் சுண்டுறவ எல்லாம் வீராங்கனையா?" என்று கேலி பேசுகிறார். பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளி நாட்களில் மூன்று மணி நேரம், சனி ஞாயிறு ஐந்து மணி நேரம் பயிற்சி செய்கிறாள். நீங்களே சொல்லுங்கள், அவள் விளையாட்டு வீராங்கனையா, இல்லையா? பின்குறிப்பு: பத்து நாளாக ஆள்காட்டி விரலின் மேல்பக்கமும் கழுத்தும் வலிக்கிறது என்கிறாள். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன்.

- ஒரு தாய், வட சென்னை

பதில் சொல்பவர்: விளையாட்டு இயன்முறை மருத்துவர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் போய் நின்றது பின்குறிப்பில்தான். தொழில் புத்தி அப்படி. பின்குறிப்பைப் படித்துவிட்டு மேலே வந்தேன். மூன்று மணி நேரம் ஐந்து நாள், ஐந்து மணி நேரம் இரண்டு நாள். கூட்டினால் வாரம் 25 மணி நேரம். வயது 13. இந்த மூன்று தகவலும் போதும், அவள் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பி.டி. சாருக்கும் உங்கள் மூத்தாருக்கும் அது போதாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் என் தவறு ஒன்று. சில வருடங்களுக்கு முன் நாற்பது வயதுக்காரர் ஒருவர் வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி என்று வந்தார். எங்கள் படிவத்தில் 'வேலை' என்ற இடத்தில் அலுவலக வேலை என்று எழுதியிருந்தார். 'விளையாட்டு' என்ற இடத்தில் ஒரு கோடு. சரி, நாளெல்லாம் மவுஸ் பிடிக்கிற கை என்று முடிவுகட்டி, மேசை உயரம், நாற்காலி, கை வைக்கிற இடம் என்று மூன்று வாரம் பாடம் நடத்தினேன். வலி இம்மியும் குறையவில்லை. நான்காவது வாரம் அவர் கையைத் தூக்கிப் பார்த்தபோது, ஆள்காட்டி விரல் நகத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. கேட்டேன். "கேரம் பவுடர் சார்" என்றார். அலுவலக அணிக்காகத் தினமும் ராத்திரி நான்கு மணி நேரம் ஆடுகிறவர்! படிவத்தில் ஏன் எழுதவில்லை என்றால், "உட்கார்ந்துதானே சார் ஆடுறோம், அதையெல்லாம் போய் விளையாட்டுன்னு..." என்று இழுத்தார்.

விரலைச் சுண்டும்போது அதை நீட்டுகிற தசைகள் தொடங்குகிற இடம் முழங்கையின் வெளிப்பக்க எலும்பு. அவருக்கு வலித்ததும் அங்கேதான். தன்னை விளையாட்டுக்காரர் என்று அவரும் எண்ணவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று வாரம் வீண்.

உங்கள் கேள்வி வெறும் பட்டத்தைப் பற்றியது அல்ல என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். விளையாட்டுக்காரர் என்று எண்ணாத உடம்புக்கு யாரும் ஓய்வு கொடுப்பதில்லை, பயிற்சியை அளந்து கொடுப்பதில்லை, வலித்தால் ஏன் என்று கேட்பதில்லை. தைலம் தேய்த்துவிட்டு மறுபடி போர்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சரி, மருத்துவத்தில் யாரை அத்லெட் என்கிறோம்? இதய மருத்துவர்கள் நெடுநாளாக வைத்திருக்கிற ஒரு வரையறை உண்டு. ஓர் அமைப்பின் கீழ் நடக்கிற விளையாட்டில், மற்றவர்களோடு முறையாகப் போட்டியிடுகிறவர். வெற்றியையும் தேர்ச்சியையும் பெரிதாக எண்ணுகிறவர். அதற்காகத் திட்டமிட்டுப் பயிற்சி செய்கிறவர். ஓடவேண்டும் என்றோ, வியர்க்கவேண்டும் என்றோ, பதக்கம் வாங்கியிருக்கவேண்டும் என்றோ அதில் இல்லை. அதே மருத்துவர்கள், எந்த விளையாட்டு இதயத்துக்கு எவ்வளவு வேலை வைக்கிறது என்று ஒரு அட்டவணையும் போட்டிருக்கிறார்கள். 2005இல் வந்த அட்டவணையில், மிகக் குறைந்த வேலை வைக்கிற கட்டத்தில் பில்லியர்ட்ஸ், கோல்ஃப், ரைஃபிள் சுடுதல் இவற்றோடு கூட இருப்பது எது தெரியுமா? கிரிக்கெட். உங்கள் மூத்தார் ஐ.பி.எல். பார்க்கிறவராக இருந்தால் இதை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

வியர்வையை அளவுகோலாக வைத்தால் வேறொரு சிக்கலும் வரும். கோயம்பேடு சந்தையில் விடியற்காலையில் வெங்காய மூட்டை இறக்குகிறவர் ஒரே நாளில் தூக்குகிற எடை கொஞ்சநஞ்சமல்ல. அவரை நாம் விளையாட்டு வீரர் என்பதில்லை. அவர் உழைப்பு குறைவு என்பதாலா? இல்லை. அவர் யாரோடும் போட்டி போடவில்லை. லாரி காலியாகவேண்டும், கூலி கையில் வரவேண்டும், அவ்வளவுதான்.

மறுபக்கம் துப்பாக்கி சுடுகிறவர்களைப் பாருங்கள். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியபோது, "நின்ற இடத்தை விட்டு அசையவே இல்லையே, இவர் வீரரா?" என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அசையாமல் நிற்பதுதான் அங்கே விளையாட்டு. அதே பெய்ஜிங்கில் வட கொரியாவின் கிம் ஜோங் சு கைத்துப்பாக்கியில் வாங்கிய வெள்ளி, வெண்கலம் இரண்டையும் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. அவர் உடம்பில் புரோப்ரனோலால் இருந்தது. அது ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கிற மாத்திரை. ஓட்டக்காரர் அதைப் போட்டால் ஓட்டம்தான் கெடும். துப்பாக்கி பிடிக்கிறவருக்கோ இதயத் துடிப்பு மெதுவாகும், கை நடுக்கம் அடங்கும். கை நடுங்காமல் இருப்பதற்காக ஒருவர் மருந்து சாப்பிடுகிறார், அதைக் குற்றம் என்று விதி எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால், அந்த விளையாட்டில் உடம்புக்கு வேலை இல்லை என்று எப்படிச் சொல்வது?

கேரமும் அந்த ஜாதிதான். போர்டு ஏறத்தாழ 74 சென்டிமீட்டர் சதுரம். காயை அடிக்கிற ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக்கூடாது. குழியின் விட்டம் 4.45 சென்டிமீட்டர், காயின் விட்டம் மூன்றுக்குக் கொஞ்சம் மேல். நேராகப் போகிற காய்க்கே இரண்டு பக்கமும் மிச்சம் இருப்பது அரை விரல் அகலம்தான். ஒரு போர்டு, அதாவது ஒரு சுற்று ஆட்டம், முடிகிற வரை நாற்காலியை நகர்த்தக்கூடாது, எழக்கூடாது. எதிர்ப்பக்க மூலையில் ஒட்டிக்கிடக்கிற காய்க்கு மெல்லிய கட், பக்கத்திலேயே கிடக்கிற காய்க்குக் கட்டைவிரல் ஷாட், இரண்டையும் அதே இருக்கையிலிருந்து அடிக்கவேண்டும். ரெட் என்கிற சிவப்புக் காயைப் போட்டாயிற்று, அது கணக்கில் சேர அடுத்து ஃபாலோ போட ஒரே காய்தான் இருக்கிறது, அது குழிக்கு நேராக இல்லை என்கிற நேரத்தில் உங்கள் மகளின் மணிக்கட்டைத் தொட்டுப் பாருங்கள். நாடி என்ன வேகத்தில் ஓடுகிறது என்று தெரியும். அந்தத் துடிப்போடு விரலை அசையாமல் வைத்திருப்பதைத்தான் அவள் நான்கு வருடமாகப் பழகியிருக்கிறாள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. செஸ் ஆடுகிறவர்கள் ஒரு நாளில் 6000 கலோரி எரிக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பி.டி. சாரிடம் அதைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள். சும்மா இருக்கும்போதே மூளை உடம்பின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஆழ்ந்து யோசித்தாலும் அது பெரிதாகக் கூடிவிடாது. உட்கார்ந்து யாரும் 6000 கலோரி எரிக்க முடியாது. நம் பக்கம் நியாயம் இருக்கும்போது பொய்க் கணக்கு எதற்கு?

நம் மொழியும் இந்தக் குழப்பத்துக்குக் கொஞ்சம் துணை போகிறது என்று எனக்குத் தோன்றும். 'விளையாட்டுப் பிள்ளை' என்றால் பொறுப்பில்லாதவன். 'விளையாட்டாகச் சொன்னேன்' என்றால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அதற்குப் பக்கத்திலேயே போர்க்களத்திலிருந்து 'வீரர்' என்ற சொல்லைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம். கேட்கிறவருக்கு ஈட்டியும் ஓட்டமும் கண்ணில் வருகிறதே தவிர பவுடர் டப்பா வருமா? ஆங்கிலத்தின் அத்லெட் கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே அதற்குப் பொருள், பரிசுக்காகப் போட்டியிடுகிறவர். எதில் போட்டி என்று அந்தச் சொல் கேட்பதில்லை.

கேரம் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். செஸ் ஆடுகிறவரும் உட்கார்ந்துதான் ஆடுகிறார். ஆனால் நாட்டின் முதல் கேல் ரத்னா விருது 1991-92க்கு விஸ்வநாதன் ஆனந்துக்குத்தான் போனது. 1999இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியும் செஸ்ஸை விளையாட்டு என்று அங்கீகரித்தது. குகேஷ் 2024 டிசம்பரில் உலகச் சாம்பியன் ஆனபோது ஊரே கொண்டாடியது. கேரத்துக்கு மட்டும் ஏன் முகம் சுளிக்கிறார்கள்? அது தெருமுனையில், தொங்குகிற பல்புக்குக் கீழே, டிரம் மேல் போர்டை வைத்து, வேலை முடிந்து வந்தவர்கள் ஆடுகிற ஆட்டம். 'வெட்டிப்பசங்க ஆட்டம்' என்ற பெயர் அதனால் வந்தது. இப்படி ஆட்களைப் பார்த்து ஆட்டத்தை எடைபோடுவது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டியில், கூலிக்குக் கைத்தொழில் செய்கிறவர்கள், தொழிலாளிகள் யாரும் கலந்துகொள்ளக்கூடாது என்று 19ஆம் நூற்றாண்டில் விதியே எழுதி வைத்திருந்தார்கள். செங்கல் வேலை செய்து வந்த அமெரிக்கர் ஜான் கெல்லியை 1920இல் அங்கே சேர்த்துக்கொள்ளவில்லை. அதே ஆண்டு ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அவர் தங்கம் வாங்கினார்.

உங்கள் வட சென்னையிலேயே பாருங்கள். ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கினார். தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. அதற்கு வெகு காலம் முன்பே, இரண்டு முறை உலகச் சாம்பியனான சென்னையின் மரிய இருதயத்துக்கு 1996க்கான அர்ஜுனா விருது கிடைத்தது. சர்வதேச கேரம் கூட்டமைப்பே 1988இல் சென்னையில் தொடங்கப்பட்டதுதான். மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலிலும் கேரம் இருக்கிறது.

ஆனால் பட்டியலை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஒரே நாட்டில்கூட அது இடத்துக்கு இடம் மாறும். பிரிட்டனின் 2011ஆம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டம், மூளைத் திறமையால் ஆடுகிற ஆட்டத்தையும் விளையாட்டு என்கிறது. அங்கேயே 2015இல் பிரிட்ஜ் சீட்டாட்டத்தை விளையாட்டாக அங்கீகரிக்கக் கேட்டுப் போட்ட வழக்கு நீதிமன்றத்தில் தோற்றது. விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கொடுக்கிற நம் ஊர்க் கல்லூரிகளும் அப்படித்தான். ஒவ்வொரு கல்லூரியின் பட்டியலும் வேறு, நிபந்தனையும் வேறு. நீங்கள் செய்யவேண்டியது: மாவட்ட கேரம் சங்கத்தில் அவள் பெயர் முறையாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறந்த தேதி எல்லாச் சான்றிதழிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். கிளப் அளவில் கொடுக்கிற கோப்பை அலமாரிக்கு அழகு. ஒதுக்கீட்டுக்கு உதவுவது அங்கீகாரம் பெற்ற சங்கம் நடத்துகிற மாநில, தேசியப் போட்டிச் சான்றிதழ்.

இப்போது பி.டி. சார் பக்கம். அவர் சொன்னதில் பாதி எனக்கு உடன்பாடு இல்லை. மீதிப் பாதி சரி. விளையாட்டு விழாவில் தனிநபர் சாம்பியன் கோப்பை பெரும்பாலும் நூறு மீட்டர், நீளம் தாண்டுதல் போன்றவற்றில் எடுத்த புள்ளியைக் கூட்டிக் கொடுப்பது. அது ஓடின பெண்ணுக்கு உரியது. அதில் உங்கள் மகளுக்குப் பங்கு கேட்காதீர்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மாவட்ட அளவில் இரண்டாம் இடம் பெற்றதை அறிவித்து, சான்றிதழைத் தலைமை ஆசிரியர் கையால் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இதற்கு எந்த ஆசிரியரும் மறுப்புச் சொல்வது கடினம்.

இன்னொன்றிலும் சார் சொல்வது சரி. அவள் ஓடத்தான் வேண்டும். 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது நெஞ்சு படபடக்க, மூச்சு வாங்க உடம்பை அசைக்கவேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கேரம் பயிற்சி அந்தக் கணக்கில் ஒரு நிமிடம்கூடச் சேராது. விளையாட்டு வீராங்கனையாக இருப்பதும் உடம்பு திடமாக இருப்பதும் ஒன்றல்ல. ஸ்கிப்பிங், சைக்கிள், தெருவில் பிள்ளைகளோடு ஓடிப்பிடித்து ஆடுவது, எதுவாக இருந்தாலும் சரி. ஆட்டத்துக்கும் அது லாபம்தான். ஆறாவது, ஏழாவது போர்டில் முதுகு வளைந்து தோள் தொங்கிப்போகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வாரம் 25 மணி நேரத்துக்கு வருகிறேன். வளர்கிற பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்கிற எளிய கணக்கு ஒன்று உண்டு. வயது எத்தனையோ, வாரத்தில் பயிற்சி நேரம் அதைத் தாண்டக்கூடாது. அவளுக்கு 13 மணி நேரம். வாரத்தில் ஒரு நாளாவது போர்டைத் தொடக்கூடாது. வருடத்தில் இரண்டு மூன்று மாதம், தொடர்ச்சியாக இல்லாவிட்டாலும் பிரித்துப் பிரித்தாவது, இந்த ஆட்டத்திலிருந்து விடுப்பு. அவளுடைய பயிற்சியாளருக்கு இது பிடிக்காது. "காசிமா எத்தனை மணி நேரம் ஆடினாங்க தெரியுமா?" என்பார். நாற்பது நிமிடத்துக்குப் பிறகு சுலபமான காயே குழி ஓரத்தில் பட்டுத் திரும்புகிறதா என்று ஒரு நாள் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஆடுகிற ஒவ்வொரு நிமிடமும் தவறாக அடிக்கத்தான் பழக்கும். தூக்கம் எட்டு மணி நேரத்துக்குக் குறையவே கூடாது. பத்து வரை போனாலும் நல்லது. கிளப்பிலிருந்து இரவு பத்தரைக்கு வந்து, வீட்டுப்பாடம் எழுதி, காலை ஆறு மணிக்கு எழுகிற கதையாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

விரல். வலி ஆள்காட்டி விரலின் மேல்பக்கம் என்கிறீர்கள். அவள் கையை மேசையில் குப்புற வைத்து, அந்த விரலை மட்டும் மேலே தூக்கச் சொல்லுங்கள். நீங்கள் உங்கள் விரலால் மெதுவாக அழுத்தித் தடுங்கள். புறங்கையில் கோடு போட்டது போல வலித்தால் பெரும்பாலும் நீட்டுகிற தசைநார் களைத்துப் போயிருக்கிறது. இரண்டு வாரம் பிரேக் ஷாட் (ஆட்டத்தைத் தொடங்குகிற முதல் அடி) வேண்டாம், முழு விசையில் அடிக்கிற எதுவும் வேண்டாம். பக்கத்துக் காயை மெதுவாகத் தள்ளிப் போடுகிற பயிற்சி மட்டும் பாதி நேரம். வலி நிவாரண ஸ்பிரே அடித்துக்கொண்டு ஆடுவது கூடவே கூடாது. மூட்டு வீங்கியிருந்தாலோ, எலும்பின் மேல் ஒரே இடத்தில் தொட்டாலே வலித்தாலோ, விரல் மரத்துப்போனாலோ, இரவில் வலியால் விழித்தாலோ இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். இந்த வயதில் எலும்பின் முனைகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. நேரில்தான் பார்க்கவேண்டும். வெந்நீர் ஒத்தடத்தால் கெடுதல் இல்லை. வீக்கம் இருந்தால் மட்டும் நிறுத்திவிடுங்கள்.

கழுத்துக்கு ஒரு சந்தேகம். வீட்டில் போர்டைத் தரையில் வைத்துத்தானே ஆடுகிறாள்? கிளப்பில் மேசை, வீட்டில் தரை என்பது நிறைய வீடுகளில் பார்க்கிறதுதான். தரையில் சம்மணம் போட்டுக் குனிந்தால் தலையின் முழு எடையும் கழுத்தின் பின்தசையில் தொங்கும். உறுதியான ஸ்டாண்டோ பழைய மேசையோ ஏற்பாடு செய்யுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் பாதம் முழுசாகத் தரையில் படவேண்டும். படாவிட்டால் ஒரு மனைப்பலகை போடுங்கள். இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, தோளைப் பின்னுக்குச் சுழற்றி, வாசல் வரை நடந்து வரட்டும்.

இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டால் அரசு மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அவளுடைய ஸ்ட்ரைக்கரையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். எப்படிப் பிடிக்கிறாள், எப்படிச் சுண்டுகிறாள் என்று பார்த்தால்தான் வலியின் காரணம் பிடிபடும். உள்ளே போனதும் என்ன செய்கிறாய் என்று கேட்பார்கள். நீங்கள் முந்திக்கொண்டு "படிக்கிறா" என்று சொல்லிவிடாதீர்கள். எத்தனை வருடமாக, வாரம் எத்தனை மணி நேரம், எந்த விரலால் ஆடுகிறாள் என்பதை அவளே சொல்லட்டும்.